சலவைப் பட்டியலில் ஓர் எண்

எங்கள் கணக்குப் பிரிவில் அவரை டிக் மேடம் என்றுதான் சொல்வோம். இருபத்து மூன்று வருட சர்வீஸ். பச்சைப் பேனாவால் அவர் டிக் போடாத காகிதம் எதுவும் முதலாளி மேசைக்குப் போகாது. ஒருமுறை முதலாளியின் மாமனார் கொடுத்த டாக்சி பில்லையே தேதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் உயிரை வாங்குகிறாரே என்று பக்கத்து மேசையிலிருந்து நானே முணுமுணுத்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்குச் சலவைத் தொழில். போர் வந்ததும் ராணுவ முகாமின் துணி முழுவதும் எங்களுக்கு வந்தது. டெண்டர் கிடையாது, அவசரம் என்றார்கள். ஒவ்வொரு சிப்பாயின் எண்ணுக்கும் வாரம் இரண்டு ஜோடி சீருடை, தலைக்கு இவ்வளவு என்று பணம். முதலாளி புதுக் கார் வாங்கினார். எங்களுக்கும் போனஸ் வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும்தான்.

மாதாமாதம் மேனேஜர் அறையிலிருந்து வரும் எண் பட்டியலின் மொத்தத்தைப் போன மாத மொத்தத்தோடு ஒப்பிடுவார் மேடம். ஆயிரத்து நூற்று நாற்பது. மறு மாதமும் அதே. "ஒண்ணுகூடப் பிசகல, பாத்தீங்களா?" என்று பெருமையாக டிக் போடுவார். இரண்டாம் மாதம் அவருடைய அக்காவின் ஒரே மகன் அந்த முகாமிலிருந்து ஆணி அடித்த பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஐந்து நாள் லீவு முடிந்து வந்தவர் மூன்றாம் மாதப் பட்டியலுக்கும் டிக் போட்டார். அதே ஆயிரத்து நூற்று நாற்பது. போர்முனையில் ஆள் குறையாமல் இருக்குமா என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

நான்காம் மாதம் பிரிண்டரில் மை தீர்ந்து, கடைசி வரியில் இருக்கும் மொத்தம் மட்டும் அச்சாகவில்லை. சரி, எண்ணிவிடலாம் என்று ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். பாதியில் ஸ்கேல் நின்றுவிட்டது.

"இது என் அக்கா பையன் நம்பர்" என்றார். "எத்தன கவர்ல எழுதியிருக்கேன். அவன் போய் ரெண்டு மாசமாச்சு. போன வாரம் அவன் சட்டையத் தோச்சதா போட்டிருக்கு!"

மூன்றாம் மாதப் பட்டியலை எடுத்தோம். அதிலும் இருந்தான். கீழே அவருடைய டிக்.

பட்டியலோடு போய்க் கேட்டதும் மேனேஜர் சிரித்தார். "அட, என்ன மேடம் நீங்க. பழைய லிஸ்டத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். செத்தவங்கள எடுத்துக்கிட்டே வந்தா பில்லு என்னாவறது? முகாம்ல கையெழுத்து போடறவருக்கும் தெரியும்." சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். ஓங்கி அறைந்திருக்க வேண்டும். எனக்குக் கை எழவில்லை.

தணிக்கை அலுவலகத்தில் புகார் கொடுப்பதென்று மேடம் முடிவு செய்தார். "உங்க டிக் இருக்கே, உங்களையும் சேத்து உள்ள தள்ளுவாங்க" என்றேன். "தள்ளட்டும்" என்றார். ஆதாரத்துக்கு, பையன் இறந்ததாக ராணுவம் அனுப்பிய கடிதம் வேண்டும். அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனோம்.

அக்கா பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டார். மேடம் மூன்றாம் மாதப் பட்டியலை நீட்டினார். அந்த அம்மாள் மகனின் எண்ணைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார்.

"பெட்டியத் தொறக்கவே விடலையேடி" என்றார். முகம் அப்படியே மாறியது. "அப்போ உள்ள இருந்தது வேற யாரோ. சலவைக்குத் துணி போட்டிருக்கான் பாரு!"

"இல்லக்கா. துணியே வரல. வந்ததா பொய் எழுதியிருக்காங்க. நான் பாக்காம டிக் போட்டுட்டேன்."

"நீயா? நீ பாக்காம போடற ஆளா?" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மேடம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி சொன்னார். அக்காவின் காதில் ஏறவில்லை. "இதுதான் பொய்" என்று ராணுவக் கடிதத்தை இரண்டாக, நான்காகக் கிழித்தார். பிறகு எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போனார்.