சந்தனப் பொட்டுக்கு அடியில்

புது மடிக்கணினி வந்து ஒரு வாரம் ஆகிறது. மூடியைத் திறந்ததும், நான் ஒன்றும் கேட்காமலே, அக்கம்பக்கத்து இணைய இணைப்புகளை எல்லாம் பெயர் பெயராக வரிசைப்படுத்திக் காட்டியது. எனக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது. அப்படி ஒரே ஒரு பெயரைத் திரையில் காண்பதற்கு ஒரு காலத்தில் பத்து நாள் தவம் கிடந்தவன் நான்.

அப்போது செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில், மாடியறையில் குடியிருந்தோம். கலியாணமாகி ஏழு மாதம். மனைவி செல்வி வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத் தட்டச்சர். நான் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்த தனிப்பயிற்சிக் கல்லூரி அந்த ஆண்டு மூடப்பட்டது. சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை காத்திருந்தது. போனால் அவள் இங்கே, நான் அங்கே. என் துணிமணிகளைத் தகரப்பெட்டியில் அடுக்கிக்கூட வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான், எதிர் விடுதியில் தங்கியிருந்த ஆஸ்திரிய நாட்டு ஆய்வாளர் அம்மையார் ஒருவர், பழைய உரைநூல்களைக் கணினியில் ஏற்றும் பணிக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் தேடினார். ஊர் திரும்பும்போது தம் பழைய மடிக்கணினியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சோதனையாக நாற்பது பக்கங்கள். விசயதசமி மாலைக்குள் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினால் வேலை எனக்கு, உள்ளூரிலிருந்தே செய்யலாம்.

அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. அது கணினியைச் செய்த நிறுவனத்தின் பெயர் என்றே நான் ஒரு நாள் முழுக்க நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. எதிர் விடுதி மாடியிலிருந்து கம்பியில்லா இணையம் வருகிறது என்று அறிந்து, உரிமையாளர் ஏழுமலையிடம் அனுமதி கேட்கப் போனேன். கடவுச்சொல் என்னவென்றேன்.

“அதெல்லாம் கெடையாது வாத்தியாரே. மேல இருந்து வருது, புடிச்சிக்க வேண்டியதுதான்” என்றார், ஏதோ மழையைச் சொல்வதுபோல.

பிடிபடவில்லை. ஆனால் பிடிபடாத அந்த நாள்களைப்போல் நான் வேறெதையும் ரசித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. கணினிக்குள் இருக்கும் கம்பியில்லா அட்டைக்கு ஒட்டுத்தாளில் ஒரு பெயர். உள்ளிருக்கும் சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, வேறு பெயர். கருந்திரையில் ஒற்றை வரியைத் தட்டிக் கேட்டால்தான் அந்த மெய்ப்பெயரைச் சொல்லும். அந்தச் சில்லு விழிக்க ஒரு சிறு கோப்பு வேண்டுமாம். கோப்பு இணையத்தில் இருக்கிறதாம். இணையத்துக்குப் போகவோ அந்தக் கோப்பு வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேங்கிக்கால் பிரவுசிங் சென்டருக்கு மூன்று முறை மிதிவண்டியில் போய், கட்டளைகளை நீல மையால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கோப்பைப் பென்டிரைவில் சுமந்து வந்தேன். முதல் இரண்டும் வேறு சில்லுக்கானவை. மூன்றாவது, ஆயுத பூசைக்கு முந்தின நாள், பொருந்தியது. முன்விளிம்பில் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் விடுதியின் பெயர். நான்கு பக்கங்கள்தாம் பாக்கி, முடித்து அனுப்பிவிடலாம் என்று நிம்மதியாக மூடினேன்.

மறுநாள் செல்வி அதைத் துடைத்து, அலுவலகத் தட்டச்சுப்பொறிக்கு வைப்பதுபோலவே முன்விளிம்பில் இடம், வலம், நடு என்று மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, என் புத்தகங்களோடு சாமி படத்தின் முன் அடுக்கிவிட்டாள். நான்கே பக்கம் என்று கெஞ்சினேன். பூசைக்கு வைத்ததை அன்று யாராவது தொடுவார்களா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

விசயதசமி காலை பக்கங்களை முடித்தேன். இணைப்பைத் தேடினால் ஒன்றுமில்லை. விளக்கும் எரியவில்லை. குறிப்பேட்டின் முதல் வரியிலிருந்து எல்லாக் கட்டளைகளையும் மறுபடி தட்டினேன்; கோப்பை அழித்து மறுபடி இட்டேன். பிரவுசிங் சென்டர்க்காரர் கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். மணி மூன்றாயிற்று. என் கல்வியில் எங்கோ ஓட்டை என்ற முடிவுக்கு நான் வந்துவிட்ட நேரத்தில் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, முன்னால ஒரு பொடி பட்டன் இருக்குதே, அதுக்கு என்ன வேலை?”

எந்தப் பட்டன் என்றேன்.

“நடுப்பொட்டு வெக்கும்போது வெரலுக்கு அடியில ஏதோ நகுந்துச்சு. காலையிலருந்து சொல்லலாம்னு பாக்கறேன், நீங்க நிமுரவே இல்ல.”

பத்து நாள் கருந்திரையோடு பேசியவன், கணினியின் விளிம்பை ஒருமுறைகூடத் தடவிப் பார்த்ததில்லை. காய்ந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டினேன். அடியில் அரிசி அளவில், கம்பியில்லா அட்டையை ஏற்றி அணைக்கும் ஒரு நகர்குமிழ், அணைந்த பக்கமாகத் தள்ளுண்டு, சந்தனத்தில் இறுகிக் கிடந்தது. நகர்த்தினேன். விளக்கு எரிந்தது, விடுதியின் பெயர் வந்தது, நாற்பது பக்கங்களும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தன. அறையெங்கும் சந்தனத் தூளின் மணம்.

செல்வி என்னைக் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தகரப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இத்த பரண்ல ஏத்திடலாமா?” என்றாள்.

ஏற்றினோம். மறுவாரம் அடுத்த நாற்பது பக்கங்கள் வந்தன.

ஏழுமலையின் விடுதி இருந்த இடத்தில் இப்போது மூன்றடுக்குக் கட்டடம். அங்கே தங்குபவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் தருகிறார்கள். செல்வியின் அலுவலகத்தில் தட்டச்சுப்பொறி இல்லை. குறிப்பேடு எந்த வீடு மாறியபோது தொலைந்ததோ தெரியவில்லை. அந்தக் கணினி பழைய இரும்புக்குப் போனபோதுகூட நகர்குமிழின் பள்ளத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

நேற்று ஆயுத பூசை. செல்வி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, புதுக் கணினியின் நான்கு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுல நகர்றது ஒண்ணுமே இல்லீங்க” என்றாள்.

நடுவில் பொட்டு வைத்தாள். இணைப்பு அறுபடவில்லை. இருவருமே ஒரு கணம் காத்திருந்தோம்.