கட்டிப் போட்ட கடப்பு

களப்பின் உப்புத் தண்ணீரில் ஊறிய தென்னங்கிடுகுக்கு ஒரு புளித்த மணம் உண்டு. அந்த மணமும், கயிற்றை இழுத்து இறுக்கும்போது எழும் ‘கிரீச்’ சத்தமும் அறுபது வருடமாக என்னோடு கிடக்கின்றன. கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக்கு நாங்கள் வாடகைக்குப் போன அன்று, சாமான் இறக்கி முடிவதற்குள்ளேயே, பக்கத்து வளவுக்காரர் நடுவேலியில் இருந்த "கடப்பு" என்னும் வழியில் புதுக்கிடுகு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெண்கள் தெருவில் இறங்காமல் வளவுக்கு வளவு போய்வர வேலியில் விட்ட இடைவெளிதான் கடப்பு. நெருப்புக்கொள்ளி, ஒரு கைப்பிடி உப்பு, ஊர்க்கதை எல்லாம் அதனூடாகத்தான் போகும், வரும். நாங்கள் போன வீடு பக்கத்து வீட்டு ஆசியா மாமியின் தங்கைக்குச் சொந்தம். தங்கை குடும்பத்தோடு கொழும்புக்குப் போனபடியால் அதை வாடகைக்கு விட்டிருந்தார்கள். தங்கை போனதும் கடப்பும் போயிற்று. கயிறு இறுகும்போது மாமி எங்களுக்குக் கேட்கவே சொன்னது இன்னும் மறக்கவில்லை. "கடப்பு ஊட்டுக்காரருக்கு. கூலி ஊட்டு ஆக்கள் இண்டைக்கு இரிப்பாங்க, நாளைக்குப் போவாங்க. அவங்களுக்கு என்னத்துக்குக் கடப்பு?"

எங்கள் ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீடும் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். என் உம்மா ஐந்தாவது பெண். நாலாவது பெண்ணோடு உம்மாவின் வாப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆகவே வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால், பெற்றவர் வீடு கொடுக்காத பெண் என்றுதான் தெரு முழுக்க முதலில் நினைக்கும். அந்த நினைப்பை உம்மா ஐந்து வாடகை வீடுகளுக்குச் சுமந்து போனவர்.

நோன்பு வந்தது. மாமி கெட்ட மனுசி இல்லை. நோன்பு துறக்க எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பினார், ஆனால் தெருவால், நாலு பேர் பார்க்க. உம்மா தட்டை மூடியிருந்த துணியைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் தட்டை என் கையில் தந்தார். "கடப்பால வந்தா அது அயலூட்டுச் சாப்பாடு, மனே. தெருவால வந்தா சதக்கா. நாம தருமம் வாங்குற ஆக்கள் இல்ல. கொண்டு போய்க் குடுத்திட்டு வா."

அதோடு விடவில்லை. அடுத்த நாளிலிருந்து உம்மா தானும் ஒரு தட்டு போட்டு, நாலு வடையும் பேரீச்சம்பழமும் வைத்து, மஃரிபு தொழுகைக்கு முன்னர் கட்டிப்போட்ட கடப்படியில் என்னை நிறுத்தினார். நான் நின்றேன். பாங்கு சொன்னதும் அந்தப் பேரீச்சம்பழத்தாலேயே நோன்பு துறந்துகொண்டு வீட்டுக்குள் வருவேன். நாலைந்து நாள் போனதும் கிடுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது.

"என்னடா, வேலிக்குக் காவலா?"

"இல்ல மாமி, தட்டுத் தர நிக்கிறன்."

"தெருவால வந்து தா."

"உம்மா கடப்பால தரச் சொன்ன."

"கடப்பு எங்க கிடக்கு?"

"இஞ்சதான் கிடந்த."

மாமி வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். நோன்புப் பிறை இருபது தாண்டிய ஒரு நாள், "இந்தப் பொடியன்ட கால் வேர் விட்டிரும் போல கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமி ஒரு கிடுகை மட்டும் உருவினார். இரண்டு காப்புப் போட்ட கை ஒன்று நீண்டு தட்டை வாங்கியது. கொஞ்ச நேரத்தில் அதே தட்டில் வட்டிலப்பம் வந்தது. கடப்பு திறக்கவில்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அந்தத் தட்டளவு ஓட்டைதான். உம்மா அதைப் பார்த்து, "காணும், இவ்வளவு போதும்" என்றார். எனக்குக் காணாது. இந்த வளவையே ஒருநாள் வாங்குவேன் என்று அங்கேயே நின்று முடிவெடுத்தேன்.

வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கல்முனைச் சந்தையில் மூட்டை சுமந்தவன், அதே வளவில் மாடி வீடு கட்டினேன்; மூன்று மகள்மாருக்கும் ஆளுக்கொரு வீடு கொடுத்தேன். எங்கள் தெருவில் இப்படிச் செய்த இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். மாடி வீட்டுக்குப் பின்னால் நான் கட்டிய சிறிய வீட்டில் இப்போது ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் புருசனோடும் கைக்குழந்தையோடும் வாடகைக்கு இருக்கிறார், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர்கள் வந்த கிழமை மருமகன் நடுவில் மதில் எழுப்ப மேசனைக் கூட்டி வந்தார். மதிலில் ஒரு கதவு விடச் சொன்னேன்.

"மாமா, வாடகை ஆக்களுக்குக் கதவு என்னத்துக்கு? ஊடு என்ட பொஞ்சாதிட பேர்லதானே கிடக்கு" என்றார்.

அது உண்மை. நான் கட்டிய வீடுகளில் ஒன்றாவது என் பேரில் இல்லை. "ஓம் மருமகன். அப்ப நானும் இஞ்ச வாடகை குடுக்காம இரிக்கிற ஆள்தான். மேசன், நிலைய வைங்க" என்றேன். நிலை வைத்தாயிற்று.

இன்று எங்கள் தெருவில் கிடுகு இல்லை, கடப்பு இல்லை, ஆசியா மாமியும் இல்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு எல்லாம் மதில்தான். நோன்புத் தட்டுகூட பிளாஸ்டிக் பெட்டியில் மோட்டார் சைக்கிளில் வருகிறது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. நான் விட்ட கதவு இருக்கிறது. ஆனால் போன நத்தார் பண்டிகைக்குத் தாதி கேக் கொண்டு வந்தது தெருவைச் சுற்றி, முன்கேற்றில் பெல் அடித்து. ஏன் பிள்ளை என்று கேட்டேன். "வாடகைக்கு இருந்துகொண்டு கதவால வந்தா சரியில்லைத்தானே, ஹாஜியார்" என்றார். அவர் மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டேன்.

இந்த நோன்பில், மஃரிபுக்கு முன்னர், தட்டோடு நான்தான் அந்தக் கதவடியில் நிற்கிறேன். மருமகன் மாடியிலிருந்து பார்த்துச் சிரிக்கிறார். என் பக்கத்துத் தாழ்ப்பாள் திறந்து கிடக்கிறது, அந்தப் பக்கத்தது இன்னும் திறக்கவில்லை. இன்று பிறை ஏழுதான். நிற்பதில் என்னை வெல்ல இந்த ஊரில் ஆளில்லை.