நாரங்கா விளக்கு

மாடியில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் உண்டு. நர்சரியில் மனைவி, காய்த்துக் குலுங்கிய குட்டை ஆரஞ்சைப் பிடித்தபடி நின்றாள். நான் பக்கத்து எலுமிச்சையின் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அவ்வளவுதான், அம்மாவின் சமையலறைக்கே போய்விட்டேன்!

செவ்வாய்தோறும் அம்மா எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துப் பிழிவாள். தோலை உட்புறம் வெளியே வரத் திருப்பி, எண்ணெய் விட்டு, கோயிலில் நாரங்கா விளக்கு ஏற்றுவாள்; எலுமிச்சைக்கு எங்கள் ஊரில் நாரங்கா என்று பெயர். ஒருநாள் சாற்றுக்கு ஆசைப்பட்டு நானே பிழிந்தேன். ஒரு பாதி கிழிந்துவிட்டது. வீட்டில் வேறு பழம் இல்லை. பயத்தில் அழுதேன்.

"கரையாத மக்கா. தேவிக்கு ஒரு பாதி போதும். தோலு அவளுக்கு, சாறு உனக்காக்கும்" என்று அம்மா என் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள்.

"இதுல ஒரு காய்கூட இல்லியே!" என்றாள் மனைவி, நர்சரியில் அந்த எலுமிச்சைச் செடியைப் பார்த்து.

"தேவி தருவா. தோலு அவளுக்கு, சாறு உனக்கு" என்று, நான் பழத்தைக் கிழித்த கதையையும் சொன்னேன்.

அவள் ஆரஞ்சை விட்டாள். "சரி, எடுங்க. ஆனா பிழியது நானாக்கும். நீங்க கிழிச்சிருவிய."