அப்பர் பெர்த்

சென்னையிலிருந்து நீடாமங்கலம் போக எது நல்லது... ரயிலா, காரா, விமானமா? போன மாதம் ஒரு சாயங்காலம் முழுக்க இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அக்காவின் மகன் குமார் போன் செய்திருந்தான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்களாம். வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். “அம்மா உங்களையே கேட்டுக்கிட்டிருக்காங்க மாமா. கிளம்பி வந்துடுங்க.”

கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். உடனே கிளம்ப வேண்டியதுதானே? நான் உட்கார்ந்து யோசித்தேன். கார் என்றால் ராத்திரி முழுக்க ஓட வேண்டும், முதுகு தாங்காது. ரயில் நீடாமங்கலத்திலேயே நிற்கும். விடிகாலையில் இறங்கினால் வீடு பக்கம்தான். ஆனால் கிடைத்ததோ ஒரே ஓர் அப்பர் பெர்த்.

“ஏறினதும் யார்கிட்டயாவது கேளுங்கப்பா. வயசானவர்னு லோயரைக் கொடுப்பாங்க” என்றான் என் மகன்.

கேட்பதா? ஆபீஸில் பிறரை உட்காரச் சொல்லியே பழகியவன் நான். முன்பின் தெரியாத பையனிடம், ‘தம்பி, கொஞ்சம் இடம் மாறிக்கிறீங்களா’ என்று நிற்பதா? வேண்டாம் என்றேன். காலையில் திருச்சிக்கு முதல் விமானம், அங்கிருந்து வாடகைக் கார். கௌரவமான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குச் சீக்கிரமான வழி என்று பேர் வைக்கிற ஆசாமிகள் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

குமாரிடம் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவன் அதை அக்காவிடம் சொல்வதும், அவள் முனகுவதும் போனில் கேட்டது.

“அவன் எதுக்குடா ஃப்ளைட்ல வரணும்? ரயில்தான் நம்ம ஊர்லயே நிக்குதே...”

நான் கேட்ட அவளுடைய கடைசிக் குரல் அது.

மார்கழிப் பனி. விமானம் நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஏர்போர்ட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது குமார் கூப்பிட்டான். அழுதான். ‘பிறந்த வீட்டுக் கோடி எப்ப வருதுன்னு கேளு’ என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுப்புடவைதான் கோடி. அதைப் போர்த்தாமல் எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள்.

பனி விலகிய பிறகு பறந்து திருச்சியில் இறங்கினேன். வழியில் தஞ்சாவூரில் காரை நிறுத்தி ஒரு ஜவுளிக்கடைக்குள் போனேன். “என்ன விசேஷம் சார்?” என்று கேட்டுக்கொண்டே கடைப் பெண் புடவைகளை விரித்துப் போட்டது. மேலே கிடந்ததைக் காட்டினேன். இனி எதையும் தேர்ந்தெடுக்கிற தெம்பு எனக்கு இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஊரே காத்திருந்தது. ‘ஃப்ளைட்ல வந்தவங்க’ என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். கோடியைப் போர்த்தினேன்.

குமார் பக்கத்தில் வந்து நின்றான். நீயாவது கடைசி நேரத்தில் கூட இருந்தாயா என்று கேட்டேன். அந்த ஒரு ஆறுதலாவது வேண்டியிருந்தது.

“இல்ல மாமா. நீங்க ரயில்லதான் வருவீங்கன்னு விடிய விடியச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்க மனசு ஆறட்டுமேன்னு வண்டிய எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள...”

அந்தப் பனியிலும் ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாம்.