சம்பந்தியோடு வெந்நீரில் நாற்பத்தைந்து நிமிடம்

மகளுக்குக் குழந்தை பிறந்த இருபத்திரண்டாம் நாள், டோக்கியோவில் இருக்கும் அவளுடைய இரண்டறை வீட்டிலிருந்து நானும் சம்பந்தியும் நாடு கடத்தப்பட்டோம். குழந்தையைப் பார்க்க கோயமுத்தூரிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். இரண்டு பாட்டிமார்களுக்கும் வேலை இருந்தது. தாத்தாக்கள் இருவருக்கும் இருந்த ஒரே வேலை, யாராவது கடந்து போகும்போது காலை மடக்கிக்கொள்வது.

"நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வந்தாத்தான் துணி காயப்போட எடம் கெடைக்கும்," என்றாள் என் மனைவி.

மகள் நான்கு நாள் சுற்றுலா ஒன்று போட்டுக் கொடுத்தாள். ஜப்பானியர்களே அதிகம் போகாத சிமானே என்ற மாவட்டம். எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு கார், ஒரு வழிகாட்டி. கோயில், தேநீர், பழைய இரும்பு உலை, கடைசியில் மலைக்கிராமத்து விடுதியில் வெந்நீர் ஊற்றுக் குளியல். 'பண்பாட்டுப் பயணம்' என்று தாளில் அச்சிட்டிருந்தது. மகள் இப்படி வாரி வழங்குகிறாளே என்று நான் நெகிழ்ந்து முடிப்பதற்குள் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாங்க ஊருக்குத் திரும்பி வரப்போறதில்ல. இங்கயே வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டாச்சு. மாமாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"மாப்ள சொல்லமாட்டாரா?"

"மூணு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லத்தான் போனை எடுக்கறாரு. 'அங்க மழை பேஞ்சுதாப்பா'ன்னு கேட்டுட்டு வெச்சுடறாரு. நீங்க எழுதறவரு. பதமாச் சொல்லுங்க."

இருபது வருடமாகப் பத்திரிகைகளில் அடுத்தவர்களைக் கேலி செய்துதான் எழுதுகிறேன். பதமாக ஒன்றும் சொன்னதாக ஞாபகமில்லை.

"கடைசியாக் குளியல் ஒண்ணு இருக்கு பாருங்க, அதை உங்க ரெண்டு பேருக்குன்னு தனியாப் புக் பண்ணியிருக்கேன். அங்க வெச்சுச் சொல்லுங்க. மாமாவுக்குக் கோவம் வந்தாலும் எந்திரிச்சுப் போக முடியாது."

"ஏன்?"

"துணி இருக்காதுல்ல."

இவளைப் பெற்று, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்திலும் படிக்கவைத்தவன் நான்தான். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரி நடத்துகிறார். ஒரே மகன். மகன் ஜப்பானில் நாலு காசு சேர்த்து, நாலு வித்தையும் கற்றுக்கொண்டு வந்து ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வான் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரியான சங்கதி. அது இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்கிற விதத்தில் சறுக்கினால், மகனைப் பிடுங்கிக்கொண்டவள் என்ற பட்டம் என் மகளுக்கு வந்து சேரும். அது ஒரு முறை வந்தால் பேரன் பேத்தி எடுத்தாலும் போகாது.

அவரும் நானும் சண்டை போட்டவர்கள் அல்ல. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மூன்று வருடமாக ஒருவருக்கொருவர் மரியாதை மட்டுமே செய்துகொண்டிருக்கிறோம். அவர் எதிரில் நான் கால் மேல் கால் போட்டதில்லை. என் எதிரில் அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றியதில்லை. ஒரு வாசலைக் கண்டால் இருவரும் நின்றுவிடுவோம்.

"போங்க சம்பந்தி."

"நீங்க போங்க."

"அட, போங்க, நான் வாரேன்."

கோயமுத்தூரில் பின்னால் வருகிறவர் யாராவது இடித்துத் தள்ளிவிடுவார், இருவரும் ஒன்றாக உள்ளே போய் விழுவோம். ஜப்பானில் அந்த வசதி இல்லை. எங்கள் வழிகாட்டி அறுபதைத் தாண்டிய அம்மாள். நாங்கள் வாசலில் நின்றால் அவரும் நின்று குனிந்து கும்பிடுவார். அவர் குனிந்தால் நாங்கள் குனிவோம். விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு எங்களைப் பார்த்து நான்கு முறை திறந்து மூடிச் சலித்துப்போனது.

முதல் நாள் இசுமோவில் ஒரு பெரிய கோயில். வருடத்தில் ஒரு மாதம் நாட்டிலுள்ள தெய்வங்கள் எல்லாம் அங்கே கூடி, யாருக்கு யார் என்று முடிவு செய்யுமாம். கல்யாணம் மட்டுமில்லை, எல்லா உறவுக்கும் முடிச்சுப் போடும் இடம் அதுதான் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் சொன்னார். மற்ற கோயில்களில் இரண்டு முறை கை தட்டிக் கும்பிடுவார்கள், இங்கே நான்கு முறை. நாங்களும் தட்டினோம். உறவைப் பற்றிய பேச்சு, தெய்வ சந்நிதி. இதைவிட நல்ல நேரம் வராது என்று தொண்டையைச் செருமினேன்.

"ஏனுங்க," என்றார் சம்பந்தி, வாசலில் தொங்கிய யானைத் தண்டி வைக்கோல் கயிற்றை அண்ணாந்து பார்த்தபடி. "இத எந்தக் கிரேன்ல தூக்கியிருப்பாங்க?"

அந்தக் கேள்வியை மொழிபெயர்த்து, பதிலை வாங்கி, பதிலில் அவருக்கு எழுந்த உபகேள்விகளையும் தீர்த்து முடிப்பதற்குள் கோயில் பின்னால் போய்விட்டது.

இரண்டாம் நாள் தேநீர். முட்டி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைத் திருப்பி, பச்சையாக நுரைத்த ஒன்றைக் குடிக்க வேண்டும். அமைதியான அறை, வெளியே பாசி பிடித்த தோட்டம். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் என் இடது கால் செத்துவிட்டது. பத்தாவது நிமிடத்தில் சம்பந்தி காதோரம் வந்து, "ஏனுங்க, எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியலீங்க," என்றார். அந்த நிலையில் இருப்பவரிடம் மகனைப் பற்றி வேறு சொல்வது அதிகம் என்று பட்டது.

மூன்றாம் நாள்தான் கஷ்டமாகப் போனது. அந்த மலைப்பகுதியில் ஆற்று மணலிலிருந்து இரும்பு எடுத்து, களிமண் உலையில் மூன்று நாள் விடாமல் உருக்குவார்களாம். அதற்கென்று ஒரு காட்சிசாலை. அதுவரை விருந்தாளியாக வந்துகொண்டிருந்த சம்பந்தி அங்கே முதலாளி ஆகிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலையைச் சுற்றி வந்தார். காலால் மிதிக்கும் துருத்தி ஒன்று இருந்தது. பார்வையாளர்கள் நாலு மிதி மிதித்துப் பார்க்கலாம். அவர் கால் மணி நேரம் மிதித்தார். காவலர் வந்து கும்பிட்டு நிறுத்தினார்.

இறங்கியவர் மூச்சு வாங்க, "இத நம்ம பையன் பாக்கோணுமுங்க," என்றார். "வரட்டும். ஃபவுண்டரில உக்காந்ததுக்கப்பறம் ஒருக்கா அவனக் கூட்டிட்டு வரோணும்."

நான் துருத்தியைப் புகைப்படம் எடுத்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. இன்னும் போனில் இருக்கிறது.

அன்று மாலை மலைக்கிராமத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடுதிக்கார அம்மாள் எங்களை உட்காரவைப்பதற்கு முன்னால் வயதை விசாரித்தார். நான் நான்கு மாதம் மூத்தவன் என்று தெரிந்ததும், சுவரில் ஓவியம் தொங்கிய மாடத்தின் முன்னால் இருந்த மெத்தையில் என்னை உட்காரச் சொன்னார். அதுதான் அந்த அறையில் முதல் மரியாதைக்குரிய இடமாம். மாப்பிள்ளை வீட்டார் கீழே, பெண் வீட்டான் மேலே. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இப்படி நடந்திருந்தால் பந்தியோடு எழுந்து போயிருப்பார்கள். தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி நெளிந்தேன்.

"இருக்கட்டுங்க, உக்காருங்க," என்றார் சம்பந்தி. அந்த 'இருக்கட்டுங்க'வில் எத்தனை அர்த்தம் என்று எண்ணிக்கொண்டே தேநீர் குடித்தேன்.

குளியல் ஐந்து மணிக்கு. எங்களுக்கென்று தனியாக நாற்பத்தைந்து நிமிடம். விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். எந்த உடையும் கூடாது. சின்னத் துண்டு ஒன்று உண்டு, அதைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். உடம்பில் எந்தப் பாகத்தை மறைக்க வேண்டும் என்பதில் ஜப்பானியர்களுக்கும் எங்களுக்கும் அடிப்படையிலேயே கருத்து வேறுபாடு.

"எனக்குக் கொஞ்சம் சளிங்க," என்றார் சம்பந்தி.

"எனக்கும் இடுப்புல ஒரு புடிப்புங்க," என்றேன்.

விடுதிக்கார அம்மாள் சொன்னதை வழிகாட்டி மொழிபெயர்த்தார். சளி, இடுப்புப் பிடிப்பு இரண்டுக்குமே அந்தத் தண்ணீர் கைகண்ட மருந்தாம்.

நுழைவது சிரமமாக இல்லை. நான் முதலில் போய்க் கழுத்துவரை இறங்கி, எதிரே இருந்த மலையை முறைத்துப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு முழம்தான் பார்வை. சம்பந்தி, மீசை வைத்த ஒரு பழுப்பு மேகமாகத் தெரிந்தார். கிட்டப்பார்வைக்காக வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் அவருக்குக் கண் நல்ல கண். வார்ப்பில் மயிரிழை ஓட்டையை எட்ட நின்றே கண்டுபிடிப்பார்.

பதமாகச் சொல்ல மூன்று நாளாகத் தயாரித்த வாக்கியங்கள் எல்லாம் ஆவியோடு போய்விட்டன.

"சம்பந்தி, பசங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறதா முடிவு பண்ணிட்டாங்களாமுங்க. வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்."

மேகம் அசையவில்லை. "உங்களயச் சொல்லச் சொன்னது பையனுங்களா, அம்மணிங்களா?" என்றார்.

பொய் சொல்ல அந்த இடத்தில் ஒரு துணிமறைவுகூட இல்லை. "அம்மணிதானுங்க. மாப்ளைக்கு உங்ககிட்டச் சொல்லத் தைரியம் வரல. அதுக்காக அம்மணி மேல..."

"அம்மணி மேல என்னங்க கோவம்? சொல்லோணும்னு அதுக்காவது தோணுச்சு." முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "டிக்கெட் வந்தன்னைக்கே நெனச்சனுங்க. ஊட்டுல மோட்டார் சுச்சப் போடுடான்னா மூணு நாள் ஆக்கறவன், நாலு நாளைக்கு நிமிசக் கணக்கா டூர் போட்டிருக்கான்னா, என்னமோ பண்ணிப்போட்டான்னு தெரியாதுங்களா?"

"டூரும் அம்மணிதாங்க போட்டுச்சு."

"அதுவுங்களா?" என்றார். முதல் முறையாகக் குரல் இறங்கியது. "போன மாசந்தானுங்க அவனுக்குன்னு ஒரு ரூமு எடுத்து, ஏசி மாட்டி, தேக்குல டேபிள் ஒண்ணு செஞ்சு போட்டேன். ஆறடி. மெசின் சத்தம் கேக்காம இருக்க ரெட்டைக் கண்ணாடி."

நான் தலைமேல் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்த டேபிள நான் என்னங்க பண்றது?"

அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. என் வாயில் வந்தது இதுதான். "நான் வேணா வந்து உக்காந்துக்கறனுங்க. எழுதறதுக்கு எங்க வீட்டுல எடமே இல்லீங்க."

சொன்ன உடனே செத்துப்போகலாம் போலிருந்தது. மேகத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையோ என்று பயந்தேன். முன்னே பின்னே அவர் சிரித்து நான் கேட்டதில்லை, அதனால் அடையாளம் தெரிய நேரமாயிற்று.

அதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. தண்ணீர் நல்ல சூடு. பேச வேண்டியது முடிந்துவிட்டது. வெளியே வர வேண்டியதுதான் பாக்கி.

"நீங்க போங்க சம்பந்தி," என்றேன்.

"இல்லீங்க, நீங்க மூத்தவரு. நீங்க போங்க."

"மாப்ள வீடு முதல்ல போறதுதானுங்க மொறை."

"அதெல்லாம் ஊருலீங்க. இங்க வயசுதானுங்க."

முதலில் எழுகிறவரின் பின்புறத்தை மற்றவர் பார்க்க வேண்டி வரும். அதற்கு மேல் எந்தச் சம்பந்தம் நிற்கும்? பத்து நிமிடம் மரியாதை செய்துகொண்டோம். எனக்குத் தலை சுற்றியது. கதவுக்கு வெளியே விடுதிக்கார அம்மாள் மெதுவாகத் தட்டினார். நேரம் முடியப் போகிறது.

சம்பந்தி ஐம்பது பேரை வேலை வாங்குகிற மனிதர் என்பது அப்போது தெரிந்தது. "ஏனுங்க, அந்தக் கோயில்ல பண்ணினாப்டி நாலு தட்டுத் தட்டறனுங்க. நாலாவது தட்டுக்கு ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு ஒண்ணா எந்திரிக்கோணும். நீங்க இடது பக்கம் போங்க, நான் வலது பக்கம்."

தட்டினார். எழுந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடினாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. சொன்னபடியே இடது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டிக்கொண்ட தடயம் ஒரு வாரம் நெற்றியில் இருந்தது. உள்ளிருந்து நான்கு தட்டு கேட்டதே, பிரார்த்தனை செய்தீர்களா என்று வழிகாட்டி அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மனம் குளிர்ந்து எங்களைக் கும்பிட்டார்.

டோக்கியோவில் மாப்பிள்ளை எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். சம்பந்தி பையைக் கீழே வைத்தார். "என்ன கண்ணு, ஏதாச்சும் சொல்லோணுமா?"

"டூர் நல்லா இருந்துச்சாப்பா? அங்க மழை..."

"மழை பேயல."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்த குளிர்பான இயந்திரத்தில் எத்தனை வகை என்று எண்ண ஆரம்பித்தேன். பதினேழாவது பாட்டிலில் அவர் சொல்லத் தொடங்கினார். முப்பத்தொன்றில் சொல்லி முடித்தார். சம்பந்தி கேட்டுவிட்டு, "இதச் சொல்ல இத்தன நாளா? சரி, பைய எடு," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் நடந்தபோது, இவர் கர்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். சளி என்று முன்பே சொல்லியிருந்தார் அல்லவா.

ஊருக்கு வந்த மறு வாரம் ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. ஃபவுண்டரி டிரைவர். "அய்யா கூட்டிட்டு வரச் சொன்னாருங்க. டேபிளத் தொடச்சு வெச்சாச்சுங்களாம்."

வெந்நீரில் வெந்துகொண்டிருந்தவன் சொன்னதை வாக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஆறடித் தேக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதையும் அங்கேதான் எழுதுகிறேன். பதினோரு மணிக்குச் சம்பந்தி டீயோடு வந்து கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வெளியிலேயே நிற்பார். உள்ளே வாங்க என்றால், நீங்க வேல பாருங்க என்பார். டீ ஆறும்வரை இருவரும் மரியாதை செய்துகொள்வோம்.

மேஜையில் மூன்று இழுப்பறை. இரண்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது பூட்டியிருக்கிறது. சாவியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என் முட்டி மட்டும் அவ்வப்போது அதில் இடிக்கும். சத்தம் கேட்டால் வெளியே இருப்பவர் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்.