கோட்டைக்குக் கலர் அடித்த கதை

"டீச்சர், எங்க தெருவ எதுக்குக் கட்சி மாத்துனீக?"

போன செவ்வாய்க்கிழமை காலை, கேட்டைக்கூடத் திறக்காமல் வெளியில் நின்றபடியே ரபீக் பாய் கேட்ட கேள்வி இது. அவர் கேட்ட தோரணையைப் பார்த்தால், நான் என்னவோ அவர் தெருவுக்குள் புகுந்து வீட்டுக்கு வீடு கட்சித் துண்டை மாற்றிப் போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

ரபீக் பாய் எங்கள் ஊரில் திராட்சைக்கும் தக்காளிக்கும் பிளாஸ்டிக் டிரே வாடகைக்கு விடுபவர். மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே கட்சி. அதில் வார்டு செயலாளர். எந்தக் கட்சி? சொல்ல மாட்டேன். எந்த ஊர்? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஊர், அவ்வளவுதான். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நாளைக்கு நான் இதே ஊரில்தான் கத்தரிக்காய் வாங்கியாக வேண்டும்!

சரி, நான் செய்த குற்றம் என்ன? ஒரு மேப் போட்டேன்.

நான் புவியியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் என்பது இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆன மற்ற டீச்சர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லாததால், தேர்தல் முடிவுகளை டவுன்லோடு செய்து, ஊர் வாரியாக யார் எப்போது எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று கலர் அடிக்க ஆரம்பித்தேன். தேவதானப்பட்டியில் தொடங்கி, தேனி வழியாக, குமுளி மலை அடிவாரம் வரைக்கும். எங்கள் ஊருக்கு மட்டும் கூடுதல் சலுகை... பூத் கணக்கை வைத்துத் தெரு வாரியாக!

முதல் தலைவலி கலர்தான். எந்த ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தாலும் அது ஏதோ ஒரு கட்சியின் கொடியில் இருக்கிறது. யோசித்து யோசித்து, ஒரு பக்கத்துக்குக் கத்தரிப்பூ கலர், எதிர்ப் பக்கத்துக்குக் கனகாம்பரக் கலர் என்று முடிவு செய்தேன். ரபீக் பாய் கட்சி கத்தரிப்பூ. இன்றைய தேதிக்கு அந்த இரண்டு கலரிலும் கொடி கிடையாது. நாளைக்கு யாராவது புதுக்கட்சி ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.

அடித்து முடித்துப் பார்த்தால், பள்ளத்தாக்கே கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கிறது. ஒரு தேர்தலில் கத்தரிப்பூவாக இருந்த ஊர் அடுத்ததில் கனகாம்பரம். அதற்கடுத்து மறுபடி கத்தரிப்பூ. ஆனால் தேனி மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். தக்காளி மண்டிக்காரர், "இது எங்க கோட்டை" என்பார். அடுத்த கடை வெங்காயக்காரர் எதிர்க்கட்சி - அவரும் "இது எங்க கோட்டை" என்பார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை. குச்சனூரில் இன்னும் வேடிக்கை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சனீஸ்வரருக்குத்தான் எள் தீபம் போடுகிறார்கள். அவர் யாரைப் பிடிப்பார், யாரை விடுவார், பாவம்?

ஏன் ஓட்டு மாறுகிறது என்றும் கேட்டுப் பார்த்தேன். டிவியில் கோட் போட்டவர்கள் சொல்கிற அலை, எதிர் அலை எதையும் யாரும் சொல்லவில்லை. "எங்க சித்தப்பா துட்டிக்கு அவுக வரல டீச்சர், அதேன் போடல" என்றார் ஒருவர். ஒரு சாவு வீட்டுக்கு மாலை வராததால் ஒரு தெருவே கலர் மாறியிருக்கிறது! இதை எந்தக் கருத்துக்கணிப்பில் சேர்ப்பது?

இந்த மேப்பை நான் எங்கள் ரிட்டயர் ஆன டீச்சர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஆறு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் சொன்னார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள அத்தனை கட்சிக் குரூப்பிலும் அது சுற்றி வந்துவிட்டது. அதில் ரபீக் பாய் தெரு, பளிச்சென்று, கனகாம்பரக் கலரில்...

"நகரம் என்னையக் கூப்பிட்டு விட்டாக டீச்சர்" என்றார் பாய், ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்து.

நகரம் என்றால் நகரச் செயலாளர். கட்சிக்காரர்கள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பதவியைச் சொல்லித்தான். ஒன்றியச் செயலாளர் 'ஒன்றியம்', மாவட்டச் செயலாளர் 'மாவட்டம்'. ஒரு கல்யாண வீட்டில் "மாவட்டம் கை கழுவப் போயிருக்கு" என்று ஒருவர் சொல்ல, புவியியல் படித்த எனக்குச் சோறு புரையேறிவிட்டது.

"கூப்பிட்டு என்ன சொன்னாராம் உங்கள் நகரம்?"

"நகராட்சித் தேர்தல் வருதுல்ல, எங்க வார்டு இந்தத் தடவ பொம்பளைக வார்டு. எம்மக பர்வீனுக்குச் சீட்டு கேட்டுக் கட்சியில பணம் கட்டியிருக்கேன். ஞாயித்துக்கெழம நேர்காணல். 'சொந்தத் தெருவுலயே கட்சியக் காப்பாத்த முடியல, ஒனக்கு எதுக்குய்யா சீட்டு'ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டாக டீச்சர். ஒங்க மேப்ப போன்ல காட்டித்தேன் கேட்டாக."

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. நான் உடையவில்லை. ஏனென்றால் நான் டீச்சர். "பாய், அரசாங்கம் போட்ட பூத் வாரியான முடிவு இது. நானாக எதுவும் அடிக்கவில்லை" என்றேன்.

"எங்க தெரு மாறல டீச்சர். எண்ணுனப்ப ஏஜென்ட்டா உக்காந்ததே நாந்தேன். சீட்டுல எழுதி சட்டைப்பையில வச்சேன். வீட்டுல சட்டையத் தொவச்சுப் போட்டாக."

"துவைத்த சீட்டை வைத்து நான் என்ன செய்வது பாய்?"

இப்படியும் ஒரு மனுஷி கேட்பாளா? கேட்டேன். முடிவு செய்துவிட்டால் என்னை யாராலும் அசைக்க முடியாது. முப்பத்தைந்து வருட சர்வீஸில் வந்த வியாதி அது.

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் மகளோடு வந்தார். பர்வீன் என்னிடம் படித்தவள்தான். பி.காம். முதியோர் பென்ஷனோ ரேஷன் கார்டோ, அந்த வார்டில் யாருக்கு எந்த ஃபாரம் என்றாலும் அவள்தான் நிரப்பிக் கொடுப்பாள். கையில் வாக்காளர் பட்டியலை பிரின்ட் எடுத்து வந்திருந்தாள்.

"டீச்சர், கனகாம்பரம் அடிச்சிருக்கீகள்ல, அது எத்தனாம் நம்பர் பூத்து?"

"நாற்பத்தேழு."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நாப்பத்தெட்டுல ஓட்டு இருக்கு டீச்சர்."

"போன தேர்தலுக்கு முந்தியெல்லாம் உங்கள் தெரு நாற்பத்தேழுதானே?"

"முந்தி நாப்பத்தேழு. இப்ப நாப்பத்தெட்டு. நாப்பத்தாறுல ஆளு கூடிப்போச்சுன்னு ரெண்டாப் பிரிச்சாங்கல்ல... அதுல எல்லா நம்பரும் ஒன்னு தள்ளிப் போயிருச்சு."

பூத்தைப் பிரிப்பார்கள், நம்பர் தள்ளிப் போகும் - இது எனக்குத் தெரியாதா? தேர்தல் தவறாமல் டியூட்டி பார்த்தவள் நான். இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குச் சீல் வைத்தவள், மெஷினுக்கும் சீல் வைத்தவள். பழைய நாற்பத்தேழையும் புது நாற்பத்தேழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஆகா, தெரு மாறிவிட்டது' என்று கண்டுபிடித்திருக்கிறேன். சட்டையில் ஒரு பட்டனை மாற்றிப் போட்டால் கீழே உள்ள அத்தனையும் மாறும் இல்லையா? நாற்பத்தேழிலிருந்து எங்கள் ஊரில் நான் அடித்த எல்லாத் தெருவும் தப்பு.

"பத்தாவதுல மேப்புல வடக்கு அம்புக்குறி போடலன்னு எனக்கு ஒரு மார்க்கு கொறச்சீக டீச்சர்" என்றாள் பர்வீன், சிரிக்காமல்.

"குறைத்தேன்."

"இப்ப நான் எத்தன கொறைக்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாள் அந்த மனுஷனிடம் துவைத்த சீட்டைப் பற்றிக் கேலி பேசியது ஞாபகம் வந்து, இன்னும் வெட்கமாக இருந்தது. பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது நாற்பத்தேழு என்பது வாய்க்கால் தெரு. ரபீக் பாய் தெருவுக்கு அடுத்தது, அதே வார்டு. அதன் பட்டியலில் முதல் பக்கத்திலேயே ஒரு தெரிந்த பெயர். கட்சி தோற்றுப்போன அந்தத் தெருவில் குடியிருப்பவர்... நகரமேதான்!

பாய் முகம் வெளிறிவிட்டது.

"டீச்சர், இதத் திருத்தாதீக!"

"என்ன பாய், திருத்தச் சொல்லித்தானே வந்தீர்கள்?"

"அவுக தெருதேன் கவுந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா, எம்புள்ளைக்கு சீட்டுத் தரவே மாட்டாக."

"திருத்தாமல் விட்டால்?"

கொஞ்சம் யோசித்தார். "விட்டாலும் தர மாட்டாக" என்றார்.

"அத்தா, சும்மா இருங்க. நம்ம தெரு மாறலன்னு தெரிஞ்சாப் போதும், சீட்டு அப்பறம்" என்றாள் பர்வீன். அந்த நிமிடம் அந்தப் பெண்ணுக்குப் பழைய மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

நகரத்துக்கு நானே போன் செய்து, மேப்பில் ஒரு தப்பு நடந்துவிட்டது, நேரில் பேச வேண்டும் என்றேன். சனிக்கிழமை, குச்சனூர் போய்விட்டுத் திரும்பும் வழியில், மனைவியோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. திருத்திய மேப்பை மேசையில் விரித்தேன். இப்போது ரபீக் பாய் தெரு கத்தரிப்பூ, வாய்க்கால் தெரு கனகாம்பரம். மனுஷன் ஆடிப்போவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்க தெருதேன்னு. மேப்பு வந்த அன்னைக்கே தெரியும். தப்பு நீங்க பண்ணது... நான் எதுக்கு ஊடால பூந்து திருத்தணும்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த வார்டைத் தன் தம்பி மனைவிக்குக் கேட்டு வைத்திருக்கிறார். பாயைத் தட்டிவிட ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நான் இலவசமாகக் கலர் அடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கொடுத்திருக்கிறேன்!

"இந்த மேப்பை இன்றைக்கே எல்லாக் குரூப்பிலும் போடப் போகிறேன்" என்றேன்.

"போடுங்க, போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஒதவி." குரலைத் தாழ்த்தினார். "இத வீடு வாரியாப் பிரிச்சுப் பாக்க முடியுமா? எங்க தெருவுல எவன் கவுத்தான்னு தெரிஞ்சாப் போதும்."

"முடியாது சார். பூத்துக்கு எத்தனை ஓட்டு என்றுதான் தெரியும். எந்த வீடு என்று எனக்கும் தெரியாது, கலெக்டருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

அதுவரைக்கும் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பேசாம அந்தப் பர்வீனையே நிப்பாட்டுங்க."

"நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? ஒங்க தம்பி பொண்டாட்டி ஒரு நாளாச்சும் தெருக் கொழாய்ப் பக்கம் வந்திருக்காளா? எங்க சித்தி பென்சனுக்கு அலையா அலைஞ்சப்ப இந்தப் புள்ளதேன எழுதிக் குடுத்துச்சு? அவ நின்னா, எங்க தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் இந்தத் தடவ நம்ம கட்சிக்கே போட்ருவோம்."

நகரம் மேப்பைப் பார்த்தார். விரலால் அந்த இரண்டு தெருவையும் தொட்டுப் பார்த்தார். அம்புட்டுப் பேரும் என்றால் எத்தனை ஓட்டு என்று மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். "சரி டீச்சர், பாயிகிட்டச் சொல்லிருங்க. நாளைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வரட்டும். பர்வீனுக்கே முடிச்சிருவோம்" என்று எழுந்தார்.

வாசல் வரைக்கும் போனவர் சட்டென்று நின்றார்.

"இந்தா... அதென்ன 'இந்தத் தடவ'? அப்பப் போன தடவ?"

அந்த அம்மாள் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். "போன தடவ யாருக்குப் போட்டீகன்னு நான் ஒங்களக் கேட்டனா?"

எங்கள் ஊர் மேப்பில் எல்லாத் தெருவுக்கும் கலர் அடித்துவிட்டேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்னிடம் கலர் இல்லை.