எல்லோர் பெயரும் வெயிலில்

தென்கொரியாவின் குன்சான் நகரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஹே-ரான் டீச்சர் எனக்கு அடுத்த வகுப்பறை. இரண்டாம் வகுப்பு வாண்டுகளை மேய்ப்பவள். அவள் வகுப்புக் கதவருகே ஒரு காந்தப் பலகை. அதில் வெயில், மேகம், மழை, இடி. காலையில் செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே வரும் பிள்ளைகள், அன்றைய மனசு எப்படியோ அந்த இடத்தில் தங்கள் பெயரை ஒட்ட வேண்டும். அவளும் தன் பெயரை ஒட்டுவாள். "என்ன டீச்சர், வானிலை அறிக்கையா?" என்று நான் கிண்டலடித்திருக்கிறேன்.

தோ-கியோம் அந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற பயல் அவன். ஒருநாள் ஓங்கிய கையைத் தானே இறக்கிவிட்டு ஓடிப்போய்த் தன் பெயரை இடியில் ஒட்டினான்.

"டீச்சர், எனக்குக் கோவம் கோவமா வருது. பக்கத்துல வந்து உக்காருங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். அவன் அடங்கினான். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சோற்றைத் தொடாமல் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க பையன் தினமும் இடியாமே" என்று அம்மாக்களின் அரட்டைக் குழுவில் எவளோ போட்டுவிட்டாள். மறுநாளே தோ-கியோமின் அம்மா வந்து ஆசிரியர் அறையில் பஞ்சாயத்து.

"எம் புள்ளை பைத்தியம்னு ஊரறிய ஒட்டி வெச்சிருக்கீங்க. இது மனசைக் கொல்ற கொடுமை. போலீசுக்குப் போவேன்."

"தோ-கியோம் அம்மா, அவன் இப்பல்லாம் யாரையும் அடிக்கிறதே இல்லீங்க..."

"அப்ப முன்னாடி அடிச்சான்னு சொல்றீங்களா?"

துணைத் தலைமையாசிரியர் ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான், வம்பில்லாமல் போய்ச் சேர வேண்டும் அவருக்கு. "குனிஞ்சு ஒரு மன்னிப்புக் கேட்டு முடிச்சிருங்க, டீச்சர். பலகை இருக்கட்டும். எல்லார் பேரும் வெயில்லயே இருக்கட்டும்" என்றார். ஹே-ரான் இடுப்பு வளையக் குனிந்தாள். சுற்றியிருந்த நாங்கள் அத்தனை பேரும் விடைத்தாளில் தலையைப் புதைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை பலகையில், சொல்லிவைத்தபடி, வந்த பிள்ளைகள் பெயரெல்லாம் வெயிலில். பழக்கதோஷத்தில் ஹே-ரான் மட்டும் தன் பெயரை மழையில் ஒட்டியிருந்தாள். தோ-கியோம் முகம் சிவக்க உள்ளே வந்தான். இடியை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, தன் பெயரை வெயிலில் வைத்தான். பிறகு அவள் பெயரையும் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினான்.

"மழையில இருக்காதீங்க டீச்சர். அம்மா பாத்தா மறுபடியும் உங்களைக் குனிய வெச்சிருவாங்க."

அன்று முழுவதும் அவன் யாரையும் அடிக்கவில்லை. மேசைக்கடியில் தன் தொடையையே குத்திக்கொண்டிருந்தானாம். சாயங்காலம் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள் ஹே-ரான். பார்த்துக்கொண்டேதான் இருந்தாளாம், பக்கத்தில் போய் உட்காரக் கால் வரவில்லை.